வாகனம் எங்கே நிற்பது? ஒரு பழைய கேள்வியின் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக்குக் கொஞ்சம் தள்ளி, பிரதான வீதியோடு, மூன்று மாடி வர்த்தகக் கட்டடம் ஒன்று இரண்டு வருடங்களுக்கு முன் எழும்பியது. துணிக்கடை, செருப்புக்கடை, போன் கடை, மேலே ஒரு சாப்பாட்டுக்கடை. ஊருக்கு நல்ல விஷயம்தான். எங்கள் பிள்ளைகள் சிலரின் நானாமாரும் ராத்தாமாரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கே வரும் வாகனங்கள் நிற்பது நடைபாதையில். காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் பிள்ளைகள் நடைபாதையை விட்டு வீதிக்கு இறங்கித்தான் அந்த இடத்தைக் கடக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் ஏழாம் தரப் பிள்ளை ஒன்று அப்படி இறங்கி நடக்கும்போது, பின்னுக்கு எடுத்த வேன் ஒன்று தட்டிவிட்டது. கை எலும்பு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று. வேன்காரர் கெட்ட மனிதர் இல்லை. அவரேதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அவருக்கும் வாகனத்தை நிறுத்த வேறு இடம் இருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் இதைப் பற்றிக் கதை வந்தபோது ஒரு மாணவன் சொன்னான்: "டீச்சர், அந்தக் கட்டடத்துக்குக் கீழ பார்க்கிங் எண்டு அம்புக்குறி போட்டிரிக்கி. உள்ள போய்ப் பாருங்க, பிளாஸ்டிக் சாமான் கடதான் இரிக்கி."

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. வரைபடத்தில் வாகனத் தரிப்பிடமாக இருந்திருக்க வேண்டிய நிலக்கீழ்த் தளத்தில் வாளியும் கதிரையும் அடுக்கி விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிறவள். ஒரு விஷயம் மனதை உறுத்தினால், அது எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்ப்பது ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்திலிருந்தே வந்த பழக்கம். கடை கட்டுகிறவர் வாகனத்துக்கும் இடம் விட வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? அதை யார் பார்க்க வேண்டும்? ஏன் எங்கள் ஊரில் அது அம்புக்குறியோடு நின்றுவிட்டது? தேடியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*ரோமாபுரியின் வண்டிகள்*

வியாபாரத்துக்கு வரும் வண்டி ஊர்த் தெருவை அடைத்துக்கொள்வது மோட்டார் வாகனத்தோடு வந்த பிரச்சினை இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோம் நகரத்தில் இதே தலையிடி இருந்தது. யூலியஸ் சீசரின் காலத்துச் சட்டம் ஒன்று, சூரிய உதயத்திலிருந்து பிற்பகலின் பிந்திய நேரம் வரை பார வண்டிகள் நகரத்துக்குள் வருவதைத் தடுத்தது. கோயில் கட்டடப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

பகலில் தெரு மனிதருக்குக் கிடைத்தது. ஆனால் வண்டிகள் எல்லாம் இரவுக்கு மாறின. அடுத்த நூற்றாண்டுகளில் வாழ்ந்த ரோமானியக் கவிஞர் யுவெனல், வண்டிச் சத்தத்தில் நித்திரை கொள்ள முடியவில்லை என்று புலம்பியிருக்கிறார். ரோமர்கள் நேரத்தை மாற்றினார்கள். வண்டி நிற்க ஓர் இடத்தை உண்டாக்கவில்லை.

*ஏழு முழமும் சந்தைக் கண்காணிப்பாளரும்*

எங்கள் மார்க்கத்தில் பாதைக்கு உரிமை உண்டு என்பதை எல்லோரும் ஜும்ஆ பிரசங்கத்தில் கேட்டிருப்போம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். பலர் கவனிக்காத இன்னொரு ஹதீஸ் உண்டு. பாதையின் அகலத்தைப் பற்றித் தகராறு வந்தால் ஏழு முழமாக வையுங்கள் என்ற கருத்தில் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஏழு முழம் என்றால் ஏறத்தாழ பத்தரை அடி. சுமை ஏற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தால் மோதாமல் கடக்கும் அகலம் என்று நகர வரலாற்றாய்வாளர்கள் இதை விளக்குவார்கள். ஒருவர் தன் காணியில் என்ன கட்டினாலும், போகிற வருகிறவரின் பங்கை முதலில் பிரித்து வைக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இதை நடைமுறைப்படுத்த ஓர் உத்தியோகத்தரும் இருந்தார். அவருக்கு முஹ்தஸிப் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில், சலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில், சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ என்பவர் முஹ்தஸிபின் கடமைகளை ஒரு கைந்நூலாக எழுதினார். அதில் சந்தைத் தெருவைப் பற்றிச் சொல்லும் இடம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கூரையைத் தாங்கும் தூண் வரிசையைத் தாண்டிக் கடைக்காரர் தன் பலகையை வெளியே நீட்டக் கூடாது. விறகு, வைக்கோல் போன்று மக்களின் உடுப்பைக் கிழிக்கும் சுமைகளைச் சந்தைக்குள் கொண்டுவரக் கூடாது. சுமை ஏற்றிய மிருகம் ஓரிடத்தில் நின்றால் சுமையை இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் பாரத்தோடு நிற்பது அந்த வாயில்லாப் பிராணிக்குத் துன்பம்.

இது அந்தக் காலத்து வாகனத் தரிப்புச் சட்டம். தூரத்திலிருந்து வரும் வியாபாரிகளின் ஒட்டகம், கோவேறு கழுதைகளுக்கு கான் என்ற கட்டடங்கள் இருந்தன. கீழே மிருகங்களும் சரக்கும், மேலே ஆட்கள் தங்கும் அறைகள். அலெப்போ, டமஸ்கஸ், கெய்ரோ நகரங்களில் அவை இன்னமும் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றில் பல, வருமானம் வக்புக்குப் போகும்படி கட்டப்பட்டவை.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள். ஒன்று, வாகனத்துக்கான இடம் கடைக்குக் கடை இல்லாமல் சந்தைக்குப் பொதுவாக இருந்தது. இரண்டு, முஹ்தஸிப் கடதாசியைப் பார்க்கவில்லை. தெருவில் நடந்து பார்த்தார்.

*அமெரிக்கா கண்டுபிடித்த எண்*

இப்போது நாம் பயன்படுத்தும் முறை, அதாவது இத்தனை சதுர அடிக் கடைக்கு இத்தனை வாகனத் தரிப்பிடம் என்ற முறை, நூறு வருடப் பழையது. பிறந்த இடம் அமெரிக்கா.

1923இல் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், மாடி வீடுகள் கட்டுவோர் வாகனத் தரிப்பிடமும் கட்ட வேண்டும் என்று விதித்தது. 1939இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரம் ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அதே விதியைக் கொண்டுவந்தது. இடையில் 1935 ஜூலை 16ஆம் திகதி ஒக்லஹோமா நகரில் உலகின் முதல் தரிப்பிட மீற்றர் பொருத்தப்பட்டது. கடைத் தெருவில் காலையிலிருந்து மாலை வரை ஒரே கார் நிற்பதால் வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று வியாபாரிகள் முறையிட்டதே காரணம். மணித்தியாலத்துக்கு ஐந்து சதம். காசு கட்ட வேண்டும் என்றதும் நாள் முழுக்க நின்ற கார்கள் நகர்ந்தன.

ஒரே பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள். மீற்றர், இருக்கிற தெருவை ஒழுங்காகப் பங்கிட்டது. கட்டாயத் தரிப்பிட விதி, பிரச்சினையைக் கட்டட உரிமையாளரின் காணிக்குள் தள்ளியது. இரண்டாவது வழிதான் வென்றது. 1946இல் அமெரிக்காவின் 76 நகரங்களில் செய்த ஒரு கணிப்பில் 17 வீதமானவைதான் இப்படி விதி வைத்திருந்தன. ஐந்தே வருடத்தில் அது 71 வீதமானது, இயற்றிக்கொண்டிருந்தவையும் சேர்த்து. நகர சபைக்குச் செலவில்லை. வாகனம் வைத்திருப்போருக்கு நிறுத்த இலவச இடம். யார்தான் வேண்டாம் என்பார்?

1956இல் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற மூடிய கடைத்தொகுதி திறக்கப்பட்டது. விக்டர் க்ரூவன் என்ற ஒஸ்திரியக் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. சுற்றிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு இடம். தான் பிறந்த வியன்னாவைப் போல மக்கள் காலாற நடக்கும் ஒரு நகர மையத்தைத் தான் உண்டாக்குவதாக க்ரூவன் நினைத்தார். உலகம் அவரிடமிருந்து நகலெடுத்தது கார் நிற்கும் மைதானத்தை. பிற்காலத்தில் அவரே இதைப் பார்த்துக் கசந்துபோனார்.

1960களில் பெரிய கடைத்தொகுதிகளுக்கு 1,000 சதுர அடிக்கு 5.5 தரிப்பிடம் என்ற அளவு பரவலானது. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 300 சதுர அடி வேண்டும் என்று வையுங்கள். 5.5ஐ 300ஆல் பெருக்கினால் 1,650. கடையை விடக் காருக்கு அதிக இடம். வருடத்தில் மிக நெரிசலான சில மணித்தியாலங்களை வைத்துக் கணக்குப் பார்த்ததன் விளைவு இது. மிச்ச நாட்களில் அந்த இடம் வெயிலில் காய்ந்தது.

*எண்ணுக்குள் இருந்த ஓட்டை*

1963இல் இங்கிலாந்தில் கொலின் புக்கானன் என்ற பொறியியலாளர் தலைமையில் நகரப் போக்குவரத்து பற்றி ஓர் அரச அறிக்கை வெளியானது. அதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. போக்குவரத்து தானாக உருவாவதில்லை, கட்டடங்களே அதை உருவாக்குகின்றன. ஆகவே ஒரு கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது, அந்தத் தெருவுக்கு எவ்வளவு வாகனத்தைக் கொண்டுவருவது என்று தீர்மானிப்பதும்தான். தெருவில் வாழ்கிறவரும் நடக்கிறவரும் தாங்கக்கூடிய ஓர் அளவு ஒவ்வொரு தெருவுக்கும் உண்டு என்றும் அவர் சொன்னார். பெரிய வர்த்தகக் கட்டடங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு கேட்கும் இன்றைய வழக்கத்துக்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

ஆனால் கணக்குப் போடுவதற்கு எண் வேண்டுமே. அந்த எண்கள் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியியலாளர் நிறுவகத்தின் கைந்நூல்களிலிருந்து வந்தன. அந்த நூல்களைப் பக்கம் பக்கமாகச் சோதித்தவர் டொனால்ட் ஷூப். லொஸ் ஏஞ்சல்ஸில் நகரத் திட்டமிடல் பேராசிரியராக இருந்து 2025இல் காலமானவர். 1987 பதிப்பில் துரித உணவுக் கடைகளுக்கு 1,000 சதுர அடிக்கு 9.95 தரிப்பிடம் என்று இருந்தது. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் பார்த்தால் பெரிய விஞ்ஞானம் போலத் தெரியும். அது எடுக்கப்பட்டது வெறும் 18 கடைகளிலிருந்து. கடையின் பரப்புக்கும் அங்கே நின்ற கார்களின் எண்ணிக்கைக்கும் அந்தத் தரவில் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்று அதே பக்கத்திலிருந்த புள்ளிவிபரமே காட்டியது. அப்படிப்பட்ட எண்கள்தான் ஊருக்கு ஊர் நகலெடுக்கப்பட்டுச் சட்டமாகின.

ஷூப் 2005இல் எழுதிய பெரிய நூலுக்குப் பிறகு காற்று திசை மாறியது. லண்டன் அதற்கு முன்பே, 2004இல், குறைந்தபட்சத் தரிப்பிட விதியை எடுத்துவிட்டு உச்ச வரம்பை வைத்திருந்தது. 2017இல் நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகரம் குறைந்தபட்ச விதிகளை நீக்கியது. 2022இல் கலிபோர்னியா, பெரிய பொதுப் போக்குவரத்து நிலையங்களுக்கு அருகில் கட்டும் பெரும்பாலான கட்டடங்களுக்கு அவற்றை நீக்கச் சட்டம் இயற்றியது. யப்பானில் இன்னொரு வழியும் உண்டு. அங்கே 1962 சட்டத்தின்படி, கார் வாங்குகிறவர்தான் அதை வைக்கத் தன்னிடம் இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

*எங்கள் நாட்டின் கதை*

1915 என்றதும் எங்கள் சமூகத்துக்கு ஞாபகம் வருவது கலவரம்தான். அதே வருடத்தில் வந்த 19ஆம் இலக்க வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தை யாரும் நினைப்பதில்லை. ஆனால் நாம் வீடு கட்ட இன்றும் பிளான் கொண்டு ஓடுவதற்கு அடிப்படை அதுதான். அனுமதியில்லாமல் கட்டக் கூடாது, வீதிக்கோட்டுக்கு உள்ளே வரக் கூடாது என்றது. வெளிச்சமும் காற்றும் வர வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தின் உயரத்துக்குக் கோணம் வைத்தது. இன்னொரு முக்கியமான விதியும் உண்டு. கட்டி முடித்த கட்டடம் சட்டப்படி இருக்கிறது என்று சபைத் தவிசாளர் சான்றிதழ் தரும்வரை, காவலாளியைத் தவிர வேறு யாரும் அதில் குடியிருக்கக் கூடாது. நாம் இன்று சீ.ஓ.சீ. என்று சொல்லும் இணக்கச் சான்றிதழின் பாட்டன் அது. காரைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை. அது கொள்ளைநோயும் நெருக்கமான வாழ்விடங்களும் பயமுறுத்திய காலம்.

1946இல் நகர மற்றும் கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மறுவருடம் 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. 1982 திருத்தத்தின் பின், பிரகடனப்படுத்தப்பட்ட நகரப் பகுதிகளில் எந்த அபிவிருத்திக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றானது. 1986இல் வர்த்தமானியில் வந்த திட்டமிடல் மற்றும் கட்டட ஒழுங்குவிதிகள், கடை, அலுவலகம், ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று பயன்பாட்டுக்கேற்ப இத்தனை சதுர மீற்றருக்கு ஒரு தரிப்பிடம் என்ற அளவுகளைத் தந்தன. அதாவது கொலம்பஸிலும் பிரெஸ்னோவிலும் தொடங்கிய எண் எங்கள் சபைக் கந்தோருக்கும் வந்து சேர்ந்தது. 2021 ஜூலையில் வந்த புதிய ஒழுங்குவிதிகள் பழையவற்றின் இடத்தை எடுத்தாலும் அடிப்படை முறை அதுதான்.

நடைமுறை இப்படி. உரிமையாளர் தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு பிளான் போடுகிறார். அது சபைக்குப் போகிறது. ஏ, பீ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லையும் பார்க்கப்படும். திட்டமிடல் குழு கூடித் தீர்மானிக்கும். கட்டடம் பெரிதென்றால் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடு கேட்கப்படும். அதை உரிமையாளரே காசு கொடுத்து நிபுணர்களைக் கொண்டு தயாரிக்க வேண்டும். கட்டி முடிந்ததும் பரிசோதித்து இணக்கச் சான்றிதழ்.

கடதாசியில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஏன் எங்கள் பிள்ளை வீதிக்கு இறங்க வேண்டி வந்தது?

*எங்கே தவறியது?*

நான் காண்பது மூன்று இடங்கள்.

முதலாவது, நாம் எண்ணியது யாரை என்பது. 2020 அளவில் இந்த நாட்டில் பதிவான வாகனங்களின் மொத்தம் 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். முச்சக்கர வண்டி 11 இலட்சத்துக்கு மேல். மோட்டார் கார் 10 இலட்சத்தைத் தொடவில்லை. ஆனால் தரிப்பிடம் என்றதும் நம் மனதில் வருவது கார்தான். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் தேவை. அந்த இடத்தில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள் நிற்கும். எங்கள் ஊரில் சரிவாக இறங்கும் இருட்டுத் தளத்துக்குள் மோட்டார் சைக்கிளை இறக்கி, உம்மாவையும் பிள்ளையையும் நடத்திக் கூட்டி வருகிறவர் யார்? கடை வாசலில்தான் விடுவார்.

பத்தாம் தரப் பிள்ளைகள் சிலர் ஒரு மாலையில் எங்கள் வகுப்பு வேலையாக அந்தக் கட்டடத்துக்கு முன் நின்று எண்ணினார்கள். நடந்து வந்தவர்களும் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுமே அதிகம். கார் கடைசி. அதோடு ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள்: "டீச்சர், லொறிக்கி எங்க எடம்?" சரக்கு இறக்கும் லொறிக்கு ஓரிடமும் இல்லை. அது வீதியில்தான் நிற்கிறது. அஷ்ஷைஸரீ முதலில் யோசித்தது சுமை இறக்கும் மிருகத்தைப் பற்றி. நாம் அதையே மறந்துவிட்டோம்.

இரண்டாவது, பரிசோதனை ஒரு நாளோடு முடிவது. இணக்கச் சான்றிதழ் எடுக்கிற அன்று நிலக்கீழ்த் தளம் வெறுமையாக, வெள்ளைக்கோடு போட்டு அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் நடுவே பலகை மறைப்பு வரும். வாடகை வரும் இடத்தைச் சும்மா விட யாருக்கு மனம் வரும்? அதன் பிறகு யார் வந்து பார்ப்பது? சபையில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு வடிகால், வீதி விளக்கு, எல்லைத் தகராறு என்று எவ்வளவோ வேலை. முறைப்பாடு வந்தால் பார்க்கலாம் என்பார்கள். அறிந்த முகமாக இருப்பதால் முறைப்பாடு செய்ய ஒருவரும் இல்லை.

மூன்றாவது, ஊருக்குத் தெரியாமல் எல்லாம் முடிவது. அனுமதி கொடுக்கும் முன், இந்த வீதியில் பாடசாலை இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கும் நோன்பு கடைசிப் பத்திலும் நிலைமை இப்படி என்று சொல்லக்கூடியவர்கள் நாங்கள்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கப் போகவில்லை.

*கடைக்காரரின் பக்கம்*

நான் கடைக்காரரின் மகள். இதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையில்லை. வாப்பாவுக்கு முப்பது வருடமாகச் சின்னத் துணிக்கடை. பெருநாள் காலத்தில் எங்கள் கடைச் சாமானும் நடைபாதையில்தான் விரிந்தது. சின்ன வயதில் நானே அந்த மேசைக்குப் பின்னால் நின்று தொப்பி விற்றிருக்கிறேன். நடந்து போனவர்கள் எங்கே நடந்தார்கள் என்று அப்போது யோசித்ததில்லை.

இந்தப் பதிவைப் பற்றிச் சொன்னபோது வாப்பா கேட்டார்: "மகள், ரெண்டு பேர்ச் காணில கட கட்டுறவன் எங்க பார்க்கிங் விடுற? நீ சொல்ற சட்டம் பெரிய முதலாளிக்குத்தான் சரி வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கடையும் தனித்தனியாகத் தரிப்பிடம் விட வேண்டும் என்றால் சின்ன வியாபாரி கட்டவே முடியாது. அவன் பொய் பிளான் போடுவான், அல்லது காணியைப் பெரியவருக்கு விற்றுவிடுவான். கொழும்பு புறக்கோட்டையைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் போட்ட குறுக்கு நெடுக்குத் தெருக்கள். அங்கே கடைக்கொரு தரிப்பிடம் என்றால் கடையே மிஞ்சாது. நாட்டின் மொத்த வியாபாரமே இன்றும் அங்கே கைவண்டியிலும் நாட்டாமிமாரின் முதுகிலும்தான் நகர்கிறது.

அதனால்தான் எனக்கு அந்தப் பழைய கான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. கடைத் தெருவின் ஓரத்தில், நடந்து போகும் தூரத்தில், எல்லாக் கடைக்கும் பொதுவாக ஓரிடம். தரிப்பிடம் விட முடியாதவரிடம் அதற்குப் பதிலாகக் கட்டணம் அறவிடும் வழி பல நாடுகளில் உண்டு, இங்கேயும் அறியாத விஷயமில்லை. ஆனால் அந்தக் காசு அந்தத் தெருவுக்கே திரும்பி வர வேண்டும். கட்டணத்தைக் கட்டிவிட்டு வாகனத்தை நடைபாதையில் விட்டால், விற்கப்பட்டது பிள்ளைகள் நடக்கும் இடம்தான்.

*நாம் என்ன கேட்கலாம்?*

பெரிய போராட்டம் ஒன்றும் தேவையில்லை. அடுத்த முறை உங்கள் வீதியில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது, கொங்கிறீட் போடும் முன்பே, சபைக்குப் போய்ப் பணிவாக நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

இந்தக் கட்டடத்துக்கு வருகிறவர்கள் எதில் வருவார்கள் என்று பார்த்தீர்களா? மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடம் எங்கே?

சரக்கு லொறி எங்கே, எத்தனை மணிக்கு நிற்கும்? பாடசாலை தொடங்கும், விடும் நேரத்தில் அது வராது என்று நிபந்தனை போட முடியுமா?

வாகனம் உள்ளே போகவும் வெளியே வரவும் வைத்திருக்கும் வாசல், பிள்ளைகள் நடக்கும் பாதையை எந்த இடத்தில் வெட்டுகிறது?

தரிப்பிடம் தரிப்பிடமாகவே இருக்கிறதா என்று ஒரு வருடம் கழித்து யார் வந்து பார்ப்பார்?

இவற்றை எழுத்தில் கொடுங்கள். 2016இலிருந்து எங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிளானில் என்ன இருந்தது என்று கேட்கவும் அதைக் கொண்டு முயலலாம். பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலை அபிவிருத்திக் குழுவும் வர்த்தகர் சங்கமும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. வர்த்தகர்களை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். வாகனம் ஒழுங்காக நின்றால் அவர்களுக்கும் வியாபாரம் கூடும். 1935இல் மீற்றர் கேட்டதே கடைக்காரர்கள்தான்.

நானும் எங்கள் பாடசாலை அபிவிருத்திக் குழு ஊடாக இந்த நான்கு கேள்விகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டட உரிமையாளரையும் போய்ச் சந்தித்தோம். மரியாதையாகத்தான் பேசினார். நிலக்கீழ்த் தளத்தில் கடை போட்டவரின் ஒப்பந்தம் முடியட்டும் என்றார். அதுவரைக்கும் காலை ஏழேகாலிலிருந்து ஏழரை வரை கடை வாசலில் வாகனம் விடாமல் தன் காவலாளியை நிறுத்துவதாகச் சொன்னார். இந்தக் கிழமை மூன்று நாள் அவர் நின்றார். பிள்ளைகள் நடைபாதையால் வந்தார்கள். கையில் பத்துக் கட்டியிருக்கும் எங்கள் ஏழாம் தரப் பிள்ளையும் அதில் ஒருவர்.

பாடசாலை விடும் நேரத்துக்கு இன்னும் ஒரு வழியும் கிடைக்கவில்லை. சபையிலிருந்து பதில் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஊரில் இப்படிக் கட்டடம் இருந்தால், அங்கே என்ன செய்தீர்கள், எது சரிவந்தது என்று கீழே எழுதுங்கள். ஆட்களின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம். வழி மட்டும் சொல்லுங்கள். இன்னொரு ஊருக்கு உதவும்.

வஸ்ஸலாம்.